சர்க்கரையை நிறுத்தினா குடல்ல இருக்கற ஈஸ்ட் செத்துடுமா? கேண்டிடா டயட் பத்தி கொஞ்சம் விலாவாரியா

வயிறு உப்பிக்கிட்டே இருக்கு, எந்நேரமும் அசதி, தோல்ல அரிப்பு, தலை மந்தமா இருக்கு, ஸ்வீட்டைப் பார்த்தா கை தன்னால போகுதுன்னு இதுல எதைப் போட்டு நெட்ல தேடினாலும் கொஞ்ச நேரத்துல "உங்க குடல்ல ஈஸ்ட் பெருகிப்போச்சு"ன்னு ஒரு பதில் வந்து நிக்கும். கூடவே ஒரு லிஸ்ட்டும் வரும். சர்க்கரை கூடாது, தேன் கூடாது, பழம் கூடாது, கோதுமை கூடாது, காளான் கூடாது, வினிகர் கூடாது, பால் கூடாது, மது கூடாது, சிலர் காபியும் கூடாதும்பாங்க. இதுக்குப் பேருதான் கேண்டிடா டயட். இருந்து பார்த்தவங்கள்ல நிறைய பேர் "எனக்கு நல்லா கேட்டுச்சு"ன்னு சத்தியம் பண்ணாத குறையா சொல்றாங்க, டாக்டர்கிட்ட கேட்டா "அதெல்லாம் சும்மா"ன்னு ஒரே வார்த்தைல முடிச்சிடறாங்க. இதுல வேடிக்கை என்னன்னா ரெண்டு பேருமே பொய் சொல்லல. சாப்பாட்டை மாத்தினதால உடம்பு தேவலையானது நிஜம்தான், ஆனா ஈஸ்ட் பட்டினி கிடந்து செத்ததாலதான் தேவலையாச்சுங்கற அந்தக் காரணம் இருக்கே, அதுதான் இடிக்குது. அது எங்க இடிக்குதுன்னு புரிஞ்சாதான் எதை விடணும், எதை விடவே கூடாதுன்னு ஒரு முடிவுக்கு வர முடியும்.

முதல்ல ஆள் யாருன்னு பார்ப்போம். கேண்டிடா அல்பிகன்ஸ்ங்கறது ஒரு ஈஸ்ட், பூஞ்சை வகை. திடீர்னு வெளில இருந்து வந்து தொத்திக்கிட்டது கிடையாது, வாய்ல, குடல்ல, பெண்களுக்குப் பிறப்புறுப்புல எல்லாம் அது பாட்டுக்கு சத்தமில்லாம இருக்கும். நல்லா ஆரோக்கியமா இருக்கறவங்க மலத்தை எடுத்து டெஸ்ட் பண்ணினாலும் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இது இருக்கும், அதனால "ரிப்போர்ட்ல கேண்டிடா பாசிட்டிவ்"னு வர்றதை மட்டும் வெச்சு யாரும் பதற வேண்டியதில்ல. எண்ணிக்கையைப் பார்த்தாலும் பெருங்குடல்ல ஒரு கிராம் கழிவுல சுமார் பத்தாயிரம் கோடி பாக்டீரியா இருக்குதுன்னா, பூஞ்சை எல்லாம் சேர்ந்தும் மொத்தத்துல 0.1 சதவீதம்கூட வராது. கூட்டமான பஸ்ல ஓரமா நின்னுக்கிட்டு வர்ற ஆளுதான் அது, சீட்டெல்லாம் பாக்டீரியா கையில.

பிரச்சினை எப்போ வருதுன்னா அந்த சீட்டு காலியாகும்போது. ஆன்டிபயாடிக் கோர்ஸ் எடுத்தா பாக்டீரியாதான் சாகும், ஈஸ்ட்டுக்கு ஒண்ணும் ஆகாது, ஏன்னா அது பாக்டீரியாவே இல்ல. இன்னொண்ணு நோய் எதிர்ப்பு சக்தி குறையறது, கீமோ எடுக்கறவங்க, ரொம்ப நாளா ஸ்டீராய்டு எடுக்கறவங்க, எச்ஐவி முத்தினவங்க இவங்களுக்கெல்லாம். அப்போ இந்த ஈஸ்ட் உருவத்தையே மாத்திக்கும். உருண்டையா இருந்தது நீள நீளமா இழை விட்டு சுவருக்குள்ள துளைச்சுப் போகப் பார்க்கும். அந்த இழை வடிவத்துல இருக்கும்போது கேண்டிடாலைசின்னு ஒரு நச்சுப் பொருளை விட்டு செல் சவ்வுல ஓட்டை போடுதுங்கறதை 2016லதான் கண்டுபிடிச்சாங்க. ஆக எவ்வளவு ஈஸ்ட் இருக்குங்கறதைவிட அது எந்த வடிவத்துல இருக்கு, அதைச் சுத்தி யார் இருக்காங்கங்கறதுதான் பெரிய கேள்வி. டயட் லிஸ்ட் போடறவங்க எண்ணிக்கையை மட்டும் பேசறாங்க, இந்த ரெண்டாவது விஷயத்துக்குள்ள போறதே இல்ல.

சரி, இந்த டயட் எங்கேர்ந்து வந்துச்சு? 1970கள் கடைசில அமெரிக்காவுல ஓரியன் ட்ரஸ்னு ஒரு டாக்டர், தன்கிட்ட வர்ற பலவிதமான நாள்பட்ட கோளாறுகளுக்கு ஈஸ்ட்தான் காரணம்னு எழுத ஆரம்பிச்சார். 1983ல வில்லியம் க்ரூக்னு இன்னொரு டாக்டர் அதையே ஒரு புத்தகமா போட்டு சாதாரண ஜனங்ககிட்ட கொண்டுபோனார், அது பயங்கரமா வித்துச்சு. அதுல ஒரு கேள்வித்தாள் இருக்கும், டிக் போட்டு மார்க் கூட்டினா உங்களுக்கு ஈஸ்ட் பிரச்சினை இருக்கா இல்லையான்னு தெரிஞ்சிடுமாம். அசதி, தலைவலி, எரிச்சல், மறதி, மலச்சிக்கல்னு கேட்டா யார்தான் டிக் போடமாட்டாங்க? 1986ல அமெரிக்க அலர்ஜி டாக்டர்களோட அகாடமி இது ஊகம்தான், நிரூபணம் ஆகலன்னு அறிக்கை விட்டுச்சு. 1990ல ஒரு முறையான சோதனையும் நடந்துச்சு. இந்த அறிகுறிகள் எல்லாம் இருக்குன்னு சொன்ன 42 பெண்களுக்கு நிஸ்டாட்டின்ங்கற பூஞ்சைக்கொல்லி மருந்தையும், உள்ள மருந்தே இல்லாத டம்மி மருந்தையும் மாத்தி மாத்திக் கொடுத்துப் பார்த்தாங்க. பிறப்புறுப்பு அரிப்பு, எரிச்சல் எல்லாம் நிஸ்டாட்டின்ல நல்லாவே குறைஞ்சது. ஆனா அசதி, மனச்சோர்வு மாதிரியான உடம்பு முழுக்க இருக்கற தொல்லைகள் டம்மி மருந்துலயும் கிட்டத்தட்ட அதே அளவு குறைஞ்சது. அதாவது ஈஸ்ட்டை அடிச்சா ஈஸ்ட் நோய் போகுது, மத்ததுக்கும் அதுக்கும் சம்பந்தம் காட்ட முடியல.

இப்போ சர்க்கரை விஷயத்துக்கு வருவோம், ஏன்னா மொத்த டயட்டும் நிக்கறது இந்த ஒத்தக் கால்லதான். "ஈஸ்ட்டுக்கு சாப்பாடு சர்க்கரை, சர்க்கரையை நிறுத்தினா ஈஸ்ட் சாகும்." கேட்க ரொம்ப நியாயமா இருக்கு, டெஸ்ட் ட்யூப்ல வேணா இது சரிதான். ஆனா குடல் ஒரு நீளமான பாதை, அதுல யார் எங்க இருக்காங்கன்னு பார்க்கணும் இல்லையா. நீங்க சாப்பிடற சர்க்கரையும் மாவுச்சத்தும் உடைஞ்சு குளுக்கோஸா மாறி சின்னக்குடலோட முதல் பாதிலயே ரத்தத்துக்குள்ள போயிடுது. கேண்டிடா அதிகமா இருக்கறது கீழ பெருங்குடல்ல. அங்க போய்ச் சேர்ற சாதாரண சர்க்கரை ரொம்பக் கொஞ்சம். மேல பந்தி முடிஞ்சு இலை எடுத்தாச்சு, கீழ இருக்கறவனுக்கு கிடைக்கறது நாம ஜீரணம் பண்ண முடியாத நார்ச்சத்தும், குடல் சுவர் சுரக்கற சளியும்தான்.

எலியில பண்ணின ஆராய்ச்சில குடிதண்ணில குளுக்கோஸ் கலந்து கொடுத்தா கேண்டிடா ஜாஸ்தியாகுதுன்னு 1993ல காட்டினாங்க, டயட் ஆதரவாளர்கள் எல்லாரும் காட்டறது இதைத்தான். ஆனா எலிக்கு குடல்ல கேண்டிடா இயல்பா தங்காது, பெரும்பாலும் ஆன்டிபயாடிக் கொடுத்து இருக்கற பாக்டீரியாவை காலி பண்ணிட்டுதான் குடியேத்தணும், அதனால எலில நடந்தது அப்படியே மனுஷனுக்குப் பொருந்தும்னு சொல்ல முடியாது. மனுஷங்கள்ல 1999ல ஜெர்மனில பண்ணிப் பார்த்தாங்க. ஆரோக்கியமான 28 பேருக்கு நிறைய சர்க்கரை கொடுத்து வாயையும் மலத்தையும் டெஸ்ட் பண்ணினதுல கேண்டிடா எண்ணிக்கை பெருசா மாறல, ஏற்கனவே வாய்ல கேண்டிடா தூக்கலா இருந்த சிலருக்கு மட்டும் கொஞ்சம் கூடுச்சு. இதுக்கு நேர்மாறா 2013ல வந்த ஒரு ஆய்வுல, சமீபத்துல மாவுச்சத்து அதிகமா சாப்பிட்டவங்க மலத்துல கேண்டிடா கூடுதலா தெரிஞ்சது. அது ரெண்டும் சேர்ந்து இருக்குன்னு காட்டுதே தவிர, ஒண்ணாலதான் இன்னொண்ணு வந்துச்சுன்னு காட்டல. செர்பியால இருந்து 2018ல வந்த ஒரு சின்ன ஆய்வுல நிஸ்டாட்டினோட சாப்பாட்டு மாற்றமும் சேர்த்தா பலன் கூடுதலா இருந்துச்சு. அதையும் நான் ஒதுக்க மாட்டேன், ஆனா அங்க மருந்து கூடவே இருந்துச்சுங்கறதையும் மறக்கக்கூடாது. சர்க்கரைக்கு சம்பந்தமே இல்லன்னு சொல்ற அளவுக்கு நான் போகமாட்டேன், அடிச்சு சொல்ற அளவுக்கு ஆதாரம் இல்லங்கறதுதான் என் கணக்கு.

ஆனா சர்க்கரை நிஜமாவே விளையாடற இடங்கள் சிலது இருக்கு, அதை விட்டுட்டா கதை அரைகுறை. வாய் ஒண்ணு, அங்க சர்க்கரை நேரடியா படுது. பல்செட் போட்டிருக்கறவங்க, ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் இழுத்துட்டு வாய் கொப்பளிக்காதவங்களுக்கு வாய்ல ஈஸ்ட் படர்றது சகஜம், அங்க முக்கிய காரணம் பல்செட்டும் ஸ்டீராய்டும்தான், சர்க்கரை அதுக்குத் துணை போகுது, இன்ஹேலருக்கு அப்புறம் தண்ணில கொப்பளிச்சுத் துப்பினாலே பாதிப் பிரச்சினை போயிடும். ரெண்டாவது சர்க்கரை வியாதி. நீங்க தட்டுல போட்டுக்கற சர்க்கரை இல்ல, ரத்தத்துல ஏறி நிக்கற சர்க்கரை. கட்டுப்பாட்டுல இல்லாத ஷுகர் இருக்கறவங்களுக்கு பிறப்புறுப்புல ஈஸ்ட் தொற்று திரும்பத் திரும்ப வரும். இதுக்கு கையில எடுத்துக் காட்டற மாதிரி ஒரு சாட்சியும் இருக்கு. எம்பாக்ளிஃப்ளோசின், டாபாக்ளிஃப்ளோசின்னு ஒரு வகை மாத்திரைகள், கிட்னி திருப்பி எடுத்துக்க வேண்டிய குளுக்கோஸை எடுக்க விடாம யூரின் வழியா வெளில தள்ளி ஷுகரைக் குறைக்கும். அந்த மாத்திரை சாப்பிடறவங்களுக்கு ஆண் பெண் ரெண்டு பேருக்குமே பிறப்புறுப்பு ஈஸ்ட் தொற்று வர்ற வாய்ப்பு பல மடங்கு கூடுது. சர்க்கரை ஈஸ்ட்டுக்கு நேர்ல கிடைச்சா என்ன ஆகும்ங்கறது இங்க அப்பட்டமா தெரியுது. அடிக்கடி ஈஸ்ட் தொற்று வர்றவங்க டயட் லிஸ்ட் தேடறதுக்கு முன்னாடி ஒரு எச்பிஏ1சி டெஸ்ட் (கடைசி ரெண்டு மூணு மாச சராசரி ஷுகரைக் காட்டறது) எடுக்கறது எவ்வளவோ மேல்.

மூணாவது, அபூர்வமான ஒண்ணு, ஆட்டோ ப்ரூவரி சிண்ட்ரோம். குடல்ல இருக்கற ஈஸ்ட்டே மாவுச்சத்தை சாராயமா புளிக்க வெச்சு, ஒரு சொட்டு குடிக்காதவனையும் போதைல தள்ளாட வைக்கும். வீட்ல யாரும் நம்பமாட்டாங்க, போலீஸ் சுத்தமா நம்பாது. இங்க மாவுச்சத்தைக் குறைக்கறது சிகிச்சையோட ஒரு பகுதியே, கூட பூஞ்சை மருந்தும் கொடுப்பாங்க. நாலாவது சின்னக்குடல்ல பூஞ்சை பெருகறது, சிஃபோன்னு சுருக்கமா சொல்வாங்க. காரணமே தெரியாத வயிற்றுத் தொல்லையோட வந்தவங்களுக்கு சின்னக்குடல்ல இருந்து நீரை எடுத்து வளர்த்துப் பார்த்த ரெண்டு ஆய்வுகள்ல ஏறத்தாழ நாலுல ஒருத்தருக்கு இது இருந்துச்சு. குடல் அசைவு மந்தமா இருக்கறவங்களுக்கும், ஆசிடைக் குறைக்க ஓமிப்ரசோல் மாதிரி மாத்திரையை ரொம்ப காலமா சாப்பிடறவங்களுக்கும்தான் ஜாஸ்தி. ஆக "குடல்ல ஈஸ்ட் பெருகறதுன்னு ஒண்ணு கிடையவே கிடையாது"ன்னு சொல்ற டாக்டரும் தப்புதான் சொல்றார். ஆனா இதைக் கண்டுபிடிக்க எண்டோஸ்கோபி வேணும், கேள்வித்தாள் போதாது. காலைல எழுந்து ஒரு கிளாஸ் தண்ணில எச்சில் துப்பி, அது நூல் நூலா இறங்கினா கேண்டிடான்னு சொல்ற டெஸ்ட் இருக்கு பாருங்க, அது எச்சில் கெட்டியா இருக்குன்னு மட்டும்தான் காட்டும்.

அப்புறம் ஏன் அத்தனை பேருக்கு தேவலையாகுது? என்னைக் கேட்டா இந்த இடம்தான் சுவாரஸ்யம். கேண்டிடா டயட்ல விடச் சொல்ற லிஸ்ட்டை எடுத்து, ஆஸ்திரேலியாவுல மோனாஷ் யுனிவர்சிட்டி ஆட்கள் 2005 வாக்குல உருவாக்கின ஃபோட்மேப் லிஸ்ட் பக்கத்துல வெச்சுப் பாருங்க. ஃபோட்மேப்னா சின்னக்குடல்ல சரியா உறிஞ்சப்படாம கீழ போய் வேகமா புளிக்கற சின்னச் சின்ன சர்க்கரை வகைகள். கோதுமைல ஃப்ரக்டான், பால்ல லாக்டோஸ், தேன்லயும் ஆப்பிள்லயும் மாம்பழத்துலயும் மிச்சமா நிக்கற ஃப்ரக்டோஸ், காளான்ல மேனிட்டால். அட, ரெண்டு லிஸ்ட்டும் பாதிக்கு மேல ஒண்ணா இருக்கே! எரிச்சல் குடல் நோய், அதாவது ஐபிஎஸ் இருக்கறவங்களுக்கு ஃபோட்மேப்பைக் குறைச்சா உப்புசமும் வலியும் குறையும்ங்கறதுக்கு நல்ல சோதனைகளே இருக்கு. ஸோ கேண்டிடா டயட்ல இருந்து வயிறு லேசானவங்கள்ல பெரும்பகுதி, தெரியாமலே அரைகுறை ஃபோட்மேப் டயட்ல இருந்தவங்கதான்னு நான் நினைக்கறேன். மதுவும் பாக்கெட் தின்பண்டமும் சோடாவும் ஒரே நாள்ல நின்னது வேற இருக்கு, அதை நிறுத்தினா யாருக்குத்தான் நல்லா இருக்காது.

இதுல பூண்டை மட்டும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்க, மொத்தக் குழப்பமும் அதுல தெரியும். பூண்டை நசுக்கும்போது வர்ற அல்லிசின், லேப் தட்டுல வளர்க்கற கேண்டிடாவைக் கொல்லுது, அதனால கேண்டிடா டயட்ல பூண்டுக்கு ராஜ மரியாதை, தினமும் பச்சையா தின்னச் சொல்வாங்க. (பெண்களுக்கு பூண்டு மாத்திரை கொடுத்து ஆஸ்திரேலியாவுல பண்ணின சோதனைல பிறப்புறுப்பு கேண்டிடா எண்ணிக்கை குறையல, அது வேற விஷயம்.) ஆனா பூண்டுல ஃப்ரக்டான் கொட்டிக்கிடக்கு. ஃப்ரக்டோஸ் மூலக்கூறுகளை சங்கிலியா கோத்ததுதான் ஃப்ரக்டான், அந்தச் சங்கிலியை வெட்டற நொதி மனுஷங்க யாருக்குமே கிடையாது. அதனால முழுங்கின பூண்டோட ஃப்ரக்டான் அப்படியே சின்னக்குடலைத் தாண்டி சில மணி நேரத்துல பெருங்குடலுக்குப் போகும், அங்க பாக்டீரியா அதை உடைச்சு ஹைட்ரஜனும் கார்பன் டை ஆக்சைடும் சிலருக்கு மீத்தேனும் விடும். எல்லாருக்கும் கேஸ் வரும், ஆனா ஐபிஎஸ் இருக்கறவங்களுக்கு குடல் நரம்பு ரொம்ப உணர்ச்சியா இருக்கறதால அதே கேஸ் வலியாத் தெரியும். இப்போ அந்த ஆள் போய் "டயட் ஆரம்பிச்சதுலேர்ந்து உப்புசம் ஜாஸ்தியாயிடுச்சே"ன்னு கேட்டா, "ஆஹா, ஈஸ்ட் கூட்டமா சாகுது, அந்த நச்சுதான், இன்னும் கொஞ்சம் பூண்டு சேர்த்துக்கோங்க"ன்னு பதில் வரும். சர்க்கரைக்கு பதிலா போட்டுக்கச் சொல்ற சைலிட்டாலும் இதே ரகம்தான், வயிறு ஊதிடும்.

ஈஸ்ட் கூட்டமா சாகறதால உடம்பு மோசமாகுதுன்னு சொல்றாங்களே, இந்த எண்ணம் சிஃபிலிஸ் மாதிரி சுருள் பாக்டீரியா நோய்கள்லேர்ந்து கடன் வாங்கினது. அங்க மருந்து போட்ட சில மணி நேரத்துல காய்ச்சல் நடுக்கம் வரும், ஒரு நாள்ல அடங்கிடும், ஜாரிஷ் ஹெர்க்ஸ்ஹைமர் எதிர்வினைன்னு பேரு. மாவுச்சத்தை திடீர்னு நிறுத்தினவங்களுக்கு முதல் வாரம் வர்ற தலைவலி, அசதி, எரிச்சலுக்கெல்லாம் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்ல. மாவுச்சத்து குறையும்போது உடம்புலேர்ந்து உப்பும் தண்ணியும் வெளியேறும், காபியை நிறுத்தினா அதுக்கே தலைவலி வரும், சாப்பாட்டு அளவும் பாதியாகியிருக்கும். இந்த விளக்கத்துல இருக்கற பெரிய ஆபத்து என்னன்னா, நல்லா இருந்தாலும் டயட் வேலை செய்யுது, மோசமானாலும் டயட் வேலை செய்யுதுன்னு ஆயிடுது. தோத்துப்போகவே முடியாத வைத்தியத்தை நான் நம்பறதில்ல.

ஈஸ்ட் போட்ட ரொட்டி கூடாதுங்கறதும் ஒரு குழப்பம். ரொட்டில போடற ஈஸ்ட் சாக்கரோமைசிஸ் செரவிசியே, கேண்டிடாவுக்கு தூரத்து சொந்தம், அதுவும் அடுப்புல போனதும் செத்துடும். சொல்லப்போனா அதே குடும்பத்துல சாக்கரோமைசிஸ் பொலார்டியைன்னு ஒரு ஈஸ்ட்டை ஆன்டிபயாடிக்கால வர்ற வயித்துப்போக்கைத் தடுக்க மாத்திரையாவே கொடுக்கறாங்க. ரொட்டி சாப்பிட்டு வயிறு உப்பினா கோதுமை ஃப்ரக்டானைச் சந்தேகப்படுங்க, ஈஸ்ட் பாவம்.

தேங்காய் எண்ணெய் பத்தியும் கேப்பாங்க. அதுல இருக்கற கொழுப்பு அமிலங்கள் கேண்டிடாவை அடக்கும், எலிக்கு மாட்டுக் கொழுப்பு, சோயா எண்ணெய்க்கு பதிலா தேங்காய் எண்ணெய் கலந்த தீனி கொடுத்ததுல குடல் கேண்டிடா நல்லாவே குறைஞ்சதுன்னு 2015ல வெளிவந்த ஒரு ஆய்வு உண்டு. பெரியவங்கள்ல அந்த மாதிரி நிரூபிச்சது இல்ல. சமையலுக்கு ஊத்திக்கோங்க, மருந்து மாதிரி ஸ்பூன் ஸ்பூனா குடிச்சா கெட்ட கொலஸ்ட்ரால் ஏறும். திராட்சைப்பழக் குடும்பம்னு தப்பா நினைச்சு வாங்கற கிரேப்ஃப்ரூட் விதை சாறு (அது எலுமிச்சை வகைப் பழம்) பல பிராண்டுகளை லேப்ல போட்டுப் பார்த்தப்போ கிருமியைக் கொன்னது விதை இல்ல, கலந்திருந்த செயற்கைக் கிருமிநாசினின்னு தெரியவந்துச்சு. இயற்கைன்னு லேபிள்ல இருந்தா மட்டும் போதாது போல.

ப்ரோபயாடிக், அதாவது நல்லது செய்யும்னு உயிரோட உள்ள அனுப்பற கிருமி, அந்தக் கதையும் ஒரே மாதிரி இல்ல. தினமும் லாக்டோபேசில்லஸ் இருக்கற தயிர் சாப்பிட்ட பெண்களுக்கு ஈஸ்ட் தொற்று குறைஞ்சதுன்னு 1992ல ஒரு சின்ன ஆய்வு சொன்னதும் உலகம் பூரா தயிர் பிரபலமாச்சு. 2004ல 235 பெண்களை வெச்சு, ஆன்டிபயாடிக் எடுக்கும்போது லாக்டோபேசில்லஸ் கொடுத்தா ஈஸ்ட் தொற்று வராம இருக்குமான்னு பார்த்ததுல ஒரு வித்தியாசமும் இல்ல. 2018ல இஸ்ரேல்ல வைஸ்மன் ஆய்வுக்கூடத்துல இன்னும் ஒரு படி மேல போனாங்க, ஆன்டிபயாடிக்குக்கு அப்புறம் ப்ரோபயாடிக் மாத்திரை எடுத்தவங்களுக்கு அவங்க சொந்த குடல் பாக்டீரியா திரும்பி வர்றது எடுக்காதவங்களைவிட லேட்டாச்சு. அதுக்காக மாத்திரையே விஷம்னு இல்ல, ஒரு குறிப்பிட்ட கலவைல கிடைச்ச முடிவு அது, ஆனா "எதுக்கும் ஒரு ப்ரோபயாடிக் போட்டுக்கோ"ன்னு சும்மா சொல்றது சரியில்லன்னு புரியுது.

அப்போ சாப்பாட்டால என்னதான் பண்ண முடியும்? ஈஸ்ட்டை பட்டினி போடறதை விட்டுட்டு அதை அடக்கி வைக்கற பாக்டீரியாவுக்கு சோறு போடறதுதான் வழி. ப்ளௌட்டியா, பாக்டீராய்ட்ஸ் மாதிரி காத்து இல்லாத இடத்துல வாழற பாக்டீரியா, எலிக் குடல் சுவர்லேர்ந்து பூஞ்சையைக் கொல்ற ஒரு புரதத்தை சுரக்க வைக்குதுன்னு 2015ல காட்டினாங்க. இந்த வகை பாக்டீரியா நார்ச்சத்தைப் புளிக்க வெச்சு ப்யூட்ரேட், அசிடேட்னு சின்ன கொழுப்பு அமிலங்களை விடும், அது கேண்டிடா இழை விடறதைத் தடுக்கும், குடல் சுவரோட செல்லுக்கும் அதுதான் தீனி. இப்போ கேண்டிடா டயட்டைப் பாருங்க, பழம் போச்சு, பயறு போச்சு, முழு தானியம் போச்சு, அதாவது அந்த பாக்டீரியாவோட சாப்பாடு மொத்தமும் போச்சு. ஃபோட்மேப்பைக் கடுமையா குறைச்சாலும் பிஃபிடோ பாக்டீரியா குறையறது தெரிஞ்ச விஷயம்தான், அதனாலதான் மோனாஷ்காரங்களே ரெண்டுலேர்ந்து ஆறு வாரத்துக்கு மேல அந்தக் கட்டத்துல இருக்காதீங்கன்னு சொல்றாங்க. மாசக்கணக்குல, வருஷக்கணக்குல கேண்டிடா டயட்ல இருக்கறவங்க எதை சரிபண்ண ஆரம்பிச்சாங்களோ அதையே கெடுத்துக்கிட்டு இருக்க வாய்ப்பிருக்கு, அப்புறம் ஒரு ஆப்பிள் சாப்பிட்டா வயிறு ஊதும், "பார்த்தியா ஈஸ்ட் இன்னும் இருக்கு"ம்பாங்க.

2021ல ஸ்டான்ஃபோர்டுல 36 பேரை ரெண்டா பிரிச்சு 10 வாரம் பார்த்தாங்க, ஒரு குரூப்புக்கு நார்ச்சத்து ஜாஸ்தி, இன்னொரு குரூப்புக்கு தயிர், கெஃபிர் (புளிக்க வெச்ச பால் பானம்), புளிக்க வெச்ச காய்கறி மாதிரி ஐட்டங்கள் ஜாஸ்தி. புளிச்ச சாப்பாடு குரூப்புக்கு குடல் பாக்டீரியாவோட வகைகள் கூடுச்சு, ரத்தத்துல அழற்சியைக் காட்டற 19 புரதங்கள் குறைஞ்சது. நார்ச்சத்து குரூப்புக்கு அந்தப் பத்து வாரத்துல வகைகள் கூடல. இதை வெச்சு நார்ச்சத்து வேண்டாம்னு எடுத்துக்காதீங்க, குடல் பழக டைம் வேணும்னுதான் நான் படிக்கறேன். இதுல இன்னொரு விஷயம், சில கேண்டிடா டயட் லிஸ்ட்ல புளிச்சது எல்லாம் கூடாதுன்னு ஒரு விதி இருக்கும், அதுக்கு இது நேர் எதிரா நிக்குது.

நடைமுறைல பண்ணணும்னா நான் இப்படி சொல்வேன். முதல்ல டெஸ்ட், அப்புறம்தான் டயட். முக்கியமா கோதுமையை நிறுத்தறதுக்கு முன்னாடி சீலியாக் நோய்க்கான (கோதுமைல இருக்கற க்ளூட்டன்ங்கற புரதத்தால குடல் சுவர் கெட்டுப்போற நோய்) டிடிஜி ஐஜிஏ ரத்த டெஸ்ட் எடுத்துடுங்க, ஏன்னா க்ளூட்டன் சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போதுதான் அந்த டெஸ்ட் சரியா காட்டும். நிறுத்தி பல மாசம் ஆனப்புறம் எடுத்தா நோய் இருந்தாலும் நார்மல்னு வரும், அப்புறம் டெஸ்ட்டுக்காகவே திரும்ப வாரக்கணக்குல கோதுமை சாப்பிட்டு அவஸ்தைப்படணும், நிறைய பேர் மாட்டிக்கறது இங்கதான். எடை தானா குறையுது, மலத்துல ரத்தம், ரத்தசோகை, ராத்திரி தூக்கத்துலேர்ந்து எழுப்பற வலி அல்லது பேதி, அம்பது வயசுக்கு மேல புதுசா ஆரம்பிச்ச மாற்றம்னா டயட் பேச்சையே எடுக்காம நேரா டாக்டர்கிட்ட போகணும். நூறு உணவுக்கு ஐஜிஜி ஆன்டிபாடி பார்த்துத் தர்றோம்னு ஒரு பேக்கேஜ் விப்பாங்க, அந்த ஆன்டிபாடி அந்த சாப்பாட்டை நீங்க சாப்பிட்டிருக்கீங்கன்னு மட்டும்தான் சொல்லும், காசு தண்டம்.

டெஸ்ட்ல ஒண்ணும் இல்லன்னா சர்க்கரை போட்ட பானம், மது, பாக்கெட் ஐட்டம் இதை முதல்ல குறைங்க, இதுக்கு யார் சம்மதமும் வேண்டாம். அதுக்கும் உப்புசம் போகலன்னா நாலு வாரம் ஃபோட்மேப் அதிகமா இருக்கறதை விட்டுப் பாருங்க, முடிஞ்சா டயட்டீஷியன் கூட. தேவலைன்னா அங்கயே நின்னுடாதீங்க, ஒவ்வொண்ணா திரும்பக் கொண்டு வாங்க. ஒரு வாரம் பாலை மட்டும் சாப்பாட்டுல திரும்பச் சேருங்க, முதல் நாள் அரை கப், ஒரு நாள் விட்டு ஒரு கப், எப்படி இருக்குன்னு எழுதி வைங்க, அடுத்த வாரம் கோதுமை, அதுக்கடுத்து பூண்டு. பெரும்பாலானவங்களுக்கு ஒண்ணு ரெண்டுதான் ஒத்துக்காது, மத்ததெல்லாம் அனாவசியமா விட்டுட்டு இருந்திருப்பாங்க. நாலு வாரத்துல ஒரு மாற்றமும் இல்லன்னா பழைய சாப்பாட்டுக்கே போயிடுங்க, இன்னும் கடுமையாக்கினா கேட்கும்னு நினைக்காதீங்க. பிறப்புறுப்புல வருஷத்துக்கு மூணு தடவைக்கு மேல தொற்று வருதுன்னா அது வேற கணக்கு, ஸ்வாப் எடுத்து எந்த வகை கேண்டிடான்னு பார்த்து மாசக்கணக்குல மருந்து கொடுப்பாங்க, அதை சாப்பாட்டால சமாளிக்கப் பார்த்து காலம் கடத்தாதீங்க. பூஞ்சை மாத்திரையை நீங்களா வாங்கிப் போடறதும் வேண்டாம், ஃப்ளூகோனசோல் ரத்தம் உறையாம இருக்க சாப்பிடற வார்ஃபரினோட சேர்ந்தா ரத்தக்கசிவு வரைக்கும் கொண்டுபோகும்.

சாப்பாடுன்னாலே பயந்து பயந்து சாப்பிடற பழக்கம் முன்னாடி இருந்தவங்க, கர்ப்பிணிகள், எடை கம்மியா இருக்கறவங்க, வளர்ற குழந்தைங்க இந்த மாதிரி கட்டுப்பாடு பக்கமே போக வேண்டாம். ஷுகருக்கு இன்சுலினோ க்ளிமெபிரைடு மாதிரி மாத்திரையோ எடுக்கறவங்க திடீர்னு மாவுச்சத்தை நிறுத்தினா ஷுகர் படார்னு இறங்கும், டோஸை டாக்டர் குறைச்சப்புறம்தான் ஆரம்பிக்கணும். மேல சொன்ன எம்பாக்ளிஃப்ளோசின் வகை எடுக்கறவங்களுக்கு இதைவிட மோசமான ஒண்ணு இருக்கு, மாவுச்சத்து ரொம்பக் குறைஞ்சா ரத்தத்துல கீட்டோன் (கொழுப்பு எரியும்போது வர்ற அமிலப் பொருள்) ஏறி ஆசிட் ஆகலாம், அந்த நேரத்துல குளுக்கோமீட்டர்ல ஷுகர் நார்மலாவோ கொஞ்சம் மட்டும் கூடவோ காட்டலாம். வாந்தி, வயித்துவலி, மூச்சு வாங்கறதுன்னு வந்தா "ஈஸ்ட் சாகுது"ன்னு வீட்ல படுத்துக்கிடக்காம, மீட்டர் என்ன காட்டினாலும் கண்டுக்காம உடனே எமர்ஜென்சிக்கு போய் அந்த மாத்திரை பேரைச் சொல்லி கீட்டோன் பார்க்கச் சொல்லுங்க.